லிபியப் பாலையில் வண்டி ஏறிய தண்ணீர்

மணலிலும் பாறையிலும் சாலையின்றிச் செல்லும் வண்டிகளில் குடிநீர்த் தொட்டி, பம்ப், வடிகட்டி, குழாய் ஆகியவற்றைப் பொருத்திக்கொள்வது நெடும்பயணம் செல்வோரிடையே இன்று வழக்கமாகிவிட்டது. இந்த ஏற்பாட்டின் முன்வரலாற்றைத் தேடுபவர், நைல் பள்ளத்தாக்குக்கு மேற்கே எகிப்து, லிபியா, சூடான் ஆகிய மூன்று நாடுகளுக்குள்ளும் பரந்து கிடக்கும் லிபியப் பாலைவனத்துக்கே செல்ல வேண்டியிருக்கிறது. இந்தியத் தீபகற்பத்தோடு பரப்பில் ஒப்பிடப்படும் அந்நிலத்தில்தான், 1916 முதல் 1943 வரையான ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில், வண்டியில் தண்ணீர் கொண்டுசெல்லும் முறைகள் பலவும் போரின் நெருக்கடியிலும் நில அளவையின் தேவையிலும் உருவாகி, தவறினால் உயிரே போகும் சூழலில் சோதிக்கப்பட்டன.

ஒட்டகம் கோலோச்சிய காலத்தில் தண்ணீர் என்பது மனிதனுக்கான சுமை மட்டுமே. குளிர்காலத்தில் பத்து நாள் குடிக்காமல் நடக்கும் ஒட்டகம் தன் முதுகில் ஏற்றிய நீரில் பங்கு கேட்பதில்லை. மோட்டார் வண்டி அப்படிப்பட்டதன்று. அதன் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் இளமணலில் கொதித்து ஆவியாகிப் போகுந்தோறும், பயணியின் குடிநீரிலிருந்தே அதற்கும் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரே கையிருப்பை மனிதனும் எஞ்சினும் பகிர்ந்துகொள்ள நேர்ந்த இந்தப் போட்டிதான் பாலைவன வண்டியின் நீர் வரலாற்றை முன்னகர்த்தியது. வண்டிக்குள் முதன்முதலில் பொருத்தப்பட்ட நீர்க்கருவி மனிதனின் வசதிக்காக வந்ததன்று, எஞ்சினின் தாகத்தைக் கட்டுப்படுத்த வந்தது என்பதை மறந்துவிட்டால் பின்னால் வந்த மாற்றங்களின் பொருள் விளங்காது.

வண்டிக்கு முந்தைய முறைகளையும் சிறிது பார்க்க வேண்டும். எகிப்தின் தாக்லா பாலைச்சோலையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், அபு பல்லாஸ் எனப்படும் குன்றின் அடியில் நூற்றுக்கணக்கான பெரிய மண்சாடிகள் குவிந்து கிடந்ததை முதல் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் அங்கே சென்றவர்கள் கண்டனர். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னாளில் ஆராய்ந்தபோது, அது தனியொரு குவியலன்று, தாக்லாவிலிருந்து கில்ஃப் கெபீர் பீடபூமியை நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீண்ட, நான்காயிரம் ஆண்டு பழமையுடைய தடத்தில் வரிசையாக அமைந்த நீர்ச்சேமிப்பு நிலையங்களுள் ஒன்று என்பது தெளிவாயிற்று. ஒட்டகம் எகிப்தில் பரவலாகப் பழக்கப்படாத அக்காலத்தில் கழுதைகளே சுமை சுமந்தன. சில நாள்களுக்கு ஒருமுறை நீர் குடித்தாக வேண்டிய விலங்கு அது என்பதால், பயணத்துக்கு முன்பே ஆட்கள் சென்று வழிநெடுகச் சாடிகளை நிரப்பி வைக்க வேண்டியிருந்தது. சுமக்கும் விலங்கே தண்ணீரில் பங்கு கேட்கும்போது கிடங்குகளைச் சங்கிலியாக அமைப்பதே வழி என்ற இந்தப் பழைய தீர்வு, மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் மீண்டும் தலைகாட்டியது.

ஒட்டக வணிகர்கள் ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்துத் தாரோ எண்ணெயோ பூசிய கிர்பாவில் நீர் கொண்டுசென்றனர். வெறுமையானால் சுருட்டி வைக்கலாம், கசிந்தால் தைக்கலாம் என்பவை அதன் நலன்கள். எப்போதும் சிறிது கசிந்துகொண்டே இருப்பதும், நீரில் தோல் நாற்றம் ஏறுவதும் அதன் குறைகள். 1873-74 குளிர்காலத்தில் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் என்ற ஜெர்மானியர் தலைமையில் தாக்லாவிலிருந்து மேற்கே குஃப்ரா பாலைச்சோலையை நோக்கிப் புறப்பட்ட ஆய்வுக்குழு இக்குறைகளைத் தவிர்க்க இரும்பாலான நீர்ப்பெட்டிகளை ஒட்டகங்களில் ஏற்றிச் சென்றது. வடக்கு தெற்காக நீண்ட மணல்மேடுகள் அக்குழுவின் வழியை மறித்தன; 1874 பிப்ரவரியில் அரிதினும் அரிதாகப் பெய்த மழையால் பெட்டிகளை மீண்டும் நிரப்பிக்கொண்டு, மேற்குத் திசையைக் கைவிட்டு வடக்கே சிவா பாலைச்சோலைக்குச் சென்று சேர்ந்தது. மழை பெய்த அவ்விடத்துக்கு அவர்கள் இட்ட ரேகன்ஃபெல்ட், அதாவது மழைவயல், என்ற பெயர் வரைபடங்களில் நிலைத்துவிட்டது. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் படையின் ஒட்டகப் பிரிவுகள் சினாய் பாலையில் இருபுறமும் இணையாகத் தொங்கவிட்ட ஃபன்டாஸ் என்ற உலோகத் தொட்டிகளும் ரோல்ஃப்ஸின் பெட்டிகளைப் போன்றவையே.

லிபியப் பாலையில் மோட்டார் வண்டி தன்னை நிறுவிக்கொண்டதும் அப்போரில்தான். 1915 நவம்பரில் செனூசி இயக்கத்தார் ஓட்டோமான் பேரரசின் பக்கம் நின்று எகிப்தின் மேற்கு எல்லையைத் தாக்கியபின், வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் ரோல்ஸ்-ராய்ஸ் கவச வண்டிகளும், அவற்றைவிட எடை குறைந்த ஃபோர்டு வண்டிகளும் அங்கே கொண்டுவரப்பட்டன. 1916 மார்ச் 17 அன்று பீர் ஹக்கீமில் சிறைப்பட்டிருந்த, டாரா என்ற பிரிட்டிஷ் கப்பலின் மாலுமிகளை மீட்ட ஓட்டத்தால் கவச வண்டிகள் பெரும் புகழ் பெற்றன. ஆயினும் நீர் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை புகழ் குறைந்த ஃபோர்டுகள்தான். மேற்கூரையும் கதவுகளும் கழற்றப்பட்ட மாடல் டி வண்டிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட இலகு வண்டி ரோந்துப் படைகள், அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, அதுவரை வெற்றிடமாக இருந்த வரைபடத்தை நிரப்பின. நியூசிலாந்தைச் சேர்ந்த கிளாட் வில்லியம்ஸும், எகிப்து நிலவியல் அளவைத் துறையின் ஜான் பாலும் அப்பணியின் முதன்மையானவர்கள்.

மாடல் டி வண்டியின் குளிர்விப்பு முறை இந்த நிலத்துக்கு ஏற்றதாக இல்லை. எஞ்சின் உருளைகளைச் சுற்றி ஓடும் நீரைத் தள்ளப் பம்ப் எதுவும் அதில் இல்லை. சூடான நீர் இலேசாகி மேலெழுந்து ரேடியேட்டரின் உச்சிக்குச் செல்ல, அங்கே குளிர்ந்து கனத்த நீர் அடியிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் வெப்பச் சுழற்சியையே அது நம்பியிருந்தது. ரேடியேட்டரின் நீர்மட்டம் சற்றுக் குறைந்தாலும் இச்சுழற்சி அறுபட்டுவிடும். வண்டி இளமணலில் சக்கரம் புதைந்து, தாழ்ந்த கியரில் முழு வேகத்தில் எஞ்சின் உறும, காற்று பின்னாலிருந்து வீசினால், நீர் சில நிமிடங்களில் கொதிக்கத் தொடங்கும். கொதித்த நீரின் ஆவி, நிரம்பி வழிவதற்காக வைக்கப்பட்ட மெல்லிய குழாய் வழியே வெளியேறித் தரையில் சொட்டி வீணாகும். சாலையுள்ள நாட்டில் இது ஒரு தொல்லை. அடுத்த கிணறு 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாட்டில் வண்டியின் ஓட்ட எல்லையையே பெட்ரோலுக்கு முன்பாக இதுவே முடிவு செய்துவிடும்.

ரோந்துப் படையினர் கண்ட தீர்வு, பட்டறையில் கிடைக்கும் பொருள்களாலேயே செய்யத்தக்கதாக இருந்தது. வழிந்தோடும் குழாயை அடைத்துவிட்டு, ரேடியேட்டரின் உச்சியிலிருந்து ஒரு குழாயை இறக்கி, வண்டியின் பக்கப்படியில் பிணைக்கப்பட்ட, பாதி நீர் நிரப்பிய தகர டின்னின் அடிவரை அதன் முனையைச் செலுத்தினர். ரேடியேட்டரின் மூடியும் இணைப்புகளும் காற்றுப் புகாதபடி இறுக்கப்பட்டன. எஞ்சின் கொதித்தால் ஆவி அக்குழாய் வழியே டின்னிலுள்ள குளிர்ந்த நீருக்குள் புகுந்து நீராக மாறும். எஞ்சின் ஆறத் தொடங்கியதும் ரேடியேட்டரின் உள்ளே எஞ்சிய ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாக, வெளியே உள்ள காற்றழுத்தம் டின்னின் நீரை அதே குழாய் வழியே மேலே தள்ளி ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பிவிடும். கண்டென்சர், அதாவது ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கலம், என்று இது அழைக்கப்பட்டது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இக்கருவியே வண்டியோடு பிணைந்த முதல் நீர் ஏற்பாடு என்று கொள்ளலாம்.

இதன் எல்லை எது என்பதையும் எளிய கணக்கில் காணலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக மாறும்போது தன்னுள் அடக்கிக்கொள்ளும் வெப்பம், 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஏழரை லிட்டருக்கும் சற்று மிகுதியான நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஆகவே டின்னில் நான்கரை லிட்டர் நீர் இருந்தால், அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆவியை ஏற்றவுடனேயே டின்னும் கொதிக்கத் தொடங்கிவிடும். அதற்குமேல் வண்டியை ஓட்டினால் இழப்பு மீண்டும் தொடங்கும். டின்னிலிருந்து கொதிநீர் பீய்ச்சி ஓட்டுநர் மீதே தெறிப்பதுதான் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. வெப்பமானி எதுவும் தராத துல்லியத்தோடு அது தன் எச்சரிக்கையைத் தந்தது. உடனே வண்டியை வந்த வழியிலிருந்து திருப்பிக் காற்றை எதிர்நோக்கி நிறுத்தினால், ஓரிரு நிமிடங்களில் நீர் களகளவென்று திரும்ப உறிஞ்சப்படும் ஓசை கேட்கும்; பிறகு பயணத்தைத் தொடரலாம். ஒரு சொட்டும் சேர்க்காமல் நாள்கணக்கில் ஓட்ட இது வழிவகுத்தது.

போர் முடிந்தபின் இந்த அறிவைக் காத்து வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பிரிட்டிஷ் படையின் பொறியாளரும் பின்னாளில் மணலின் இயற்பியலை நிறுவிய அறிஞருமான ரால்ஃப் பேக்னால்டு. எகிப்தில் பணியிலிருந்த அவர் 1927இல் மாடல் டி வண்டிகளில் சிவாவுக்குச் சென்றார். பிறகு மாடல் ஏ வண்டிகளுக்கு மாறி, 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் பெருமணற்கடலையும் உவெய்னாத் மலையையும் கடந்து நெடும்பயணங்களை மேற்கொண்டார். கண்டென்சர், காந்தத்தின் உதவியின்றிச் சூரிய நிழலால் திசை காட்டும் கருவி, புதைந்த சக்கரத்தின் கீழ் இடும் இரும்புத் தகட்டுப்பாதை ஆகிய மூன்றும் அவரது குழுவின் நிலையான உடைமைகளாயின. இவற்றையெல்லாம் அவரே கண்டுபிடித்தார் என்று சில நூல்கள் எழுதுவது சரியன்று. ரோந்துப் படையினரிடமிருந்து கண்டென்சர் அவருக்கு வந்து சேர்ந்தது. அவருடைய தனிப்பங்கு, எல்லாவற்றையும் எடைக்கணக்காக மாற்றிய ஒழுங்கில் இருக்கிறது. ஓர் இம்பீரியல் காலன், அதாவது ஏறத்தாழ நான்கரை லிட்டர், நீரின் எடை 10 பவுண்டு. நாளுக்கு ஒரு காலன் வீதம் மூவருக்கு இருபது நாள் நீர் என்றால் 270 கிலோ. ரேடியேட்டருக்குத் தனியே நீர் ஏற்ற வேண்டியதில்லை என்ற நிலை வந்தவுடன் அதற்கு ஒதுக்கிய எடை முழுவதும் பெட்ரோலாக மாறி, வண்டியின் எட்டுந்தூரம் நீண்டது. கோடையைத் தவிர்த்துக் குளிர்காலத்தை ஒட்டிப் பயணம் செய்ததும் இதே கணக்கின் பகுதிதான்.

இதற்குச் சற்று முன்னர் எகிப்திய இளவரசர் கெமால் எல்-தின், பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர்ப் பட்டை பூட்டிய சிட்ரோயன் வண்டிகளில் தென்மேற்குப் பாலையை ஆராய்ந்து, கில்ஃப் கெபீர் பீடபூமிக்குப் பெயரிட்டார். அவருக்கு முன்பணியாகக் கிடங்குகள் அமைக்கும் ஒட்டக அணிகள் தேவைப்பட்டன. செல்வமுள்ள ஒருவருக்கே இயன்ற முறை அது. வண்டியில் தண்ணீர் இருப்பதும் இல்லாததும் எத்தகைய வேறுபாடு என்பதை 1931 மிகக் கொடுமையாகக் காட்டியது. இத்தாலியப் படை குஃப்ராவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து தப்பிய குடும்பங்கள் உவெய்னாத்துக்கும், அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தாக்லாவுக்கும் கிணறில்லாத நிலத்தில் நடந்தன. வழியில் பலர் தாகத்தால் மாண்டனர். எகிப்து பாலைவன அளவைத் துறையைச் சேர்ந்த பாட் கிளேட்டன் அப்பகுதியில் அளவைப் பணிக்காக வைத்திருந்த வண்டிகளையும் தண்ணீரையும் கொண்டு அவர்களுள் பலரை மீட்டார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பேக்னால்டு தளபதி வேவலின் ஒப்புதலோடு நெடுந்தொலைவுப் பாலைவனப் படைக்குழுவை அமைத்தார். பெரும்பாலும் நியூசிலாந்துப் பண்ணைகளிலிருந்து வந்த தன்னார்வலர்களைக் கொண்ட அக்குழு, எகிப்தில் கிடைத்த ஒன்றரை டன் செவ்ரோலே லாரிகளின் மேற்கூரையைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் கண்டென்சரைப் பொருத்தியது. இருபது ஆண்டுகளுக்கு முன் சிலருடைய கைமுறையாக இருந்த ஒன்று, பட்டறை வரைபடத்தில் இடம்பெறும் நிலையான உறுப்பாக அப்போதுதான் மாறியது. குடிநீர்ப் பங்கு தலைக்கு நாளொன்றுக்கு ஒரு காலனுக்கும் குறைவு. அதில் காலையும் மாலையும் தேநீருக்குப் போக எஞ்சியது தனிக்குடுவையில். குளிக்கவும் துவைக்கவும் எதுவும் இல்லை, தாடி வளர்ப்பது படை விதிக்கு உட்பட்டதாயிற்று. தண்ணீரை ஒரே பெருந்தொட்டியில் வைக்காமல் எல்லா லாரிகளிலும் டின்களாகப் பிரித்து வைத்தனர். ஒரு லாரி எரிந்தாலும் எல்லாத் தண்ணீரும் போய்விடக் கூடாது என்பது காரணம்.

அந்த முன்யோசனை எவ்வளவு தேவையானது என்பது 1941 ஜனவரி 31 அன்று குஃப்ராவுக்குத் தெற்கே ஜெபல் ஷெரீஃபில் தெரிந்தது. இத்தாலியப் பாலைவனக் கம்பெனியின் வண்டிகளும் விமானங்களும் சேர்ந்து தாக்கியதில், அப்போது படைக்குழுவில் இருந்த கிளேட்டன் சிறைப்பட, ரொனால்டு மூர் என்ற வீரரும் மூன்று தோழர்களும் எரிந்த லாரிகளின் அருகே விடப்பட்டனர். அவர்களிடம் எஞ்சியது ஒரு டின்னில் இரண்டு காலனுக்கும் குறைந்த நீர். வழியிலிருந்த சர்ரா கிணற்றை இத்தாலியர் தூர்த்துவிட்டிருந்தனர். சரணடைவதைவிடத் தெற்கே நடப்பதே மேல் என்று முடிவு செய்து, பத்து நாள்களில் மூர் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நடந்தபின் விடுதலைப் பிரெஞ்சுப் படையினர் அவரைக் கண்டனர். நால்வருள் ஒருவர் மீட்கப்பட்டபின் இறந்தார். படை வரலாறுகள் இதை மனவுறுதியின் கதையாகவே சொல்கின்றன. அது உண்மையே என்றாலும், ஒரு தகர டின் ஒழுகாமல் நின்றது என்ற தற்செயலும் அதனுள் அடங்கியிருக்கிறது.

தற்செயல் என்று சொல்வதற்குக் காரணம், பிரிட்டிஷ் படையின் தகர டின்கள் ஒழுகுவதற்கே பேர்போனவை. ஃபிளிம்சி என்று வீரர்கள் எள்ளலாக அழைத்த நான்கு காலன் சதுர டின், மெல்லிய தகரத்தை மடித்து ஈயப்பற்று வைத்துச் செய்யப்பட்டது. மலிவானது, ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்கது. பாறைநிலத்தில் லாரியின் அதிர்ச்சியில் அதன் பொருத்துகள் விரிந்தன. கிடங்கிலிருந்து முன்னணிக்குச் செல்வதற்குள் பெட்ரோலில் கணிசமான பகுதி சிந்திப் போயிற்று. வெறும் டின்னைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி அடுப்பாகப் பயன்படுத்திய பெங்காசி அடுப்புதான் ஃபிளிம்சி உருப்படியாக ஆற்றிய பணி என்று அக்காலத்தவர் சொன்னதில் மிகை குறைவு. தண்ணீரும் இதே டின்களில்தான் சென்றது. முன்பு பெட்ரோல் இருந்த டின்னில் நீர் ஊற்றப்படுவதும், அந்நீரில் இட்ட தேநீர் குடிக்க முடியாததாவதும் அன்றாட நிகழ்ச்சி.

எதிர்த்தரப்பின் கையில் இருந்தது முற்றிலும் வேறான கலம். 1937இல் ஜெர்மனியின் ஷ்வெல்ம் நகரத்து மியூலர் தொழிற்சாலையில் வின்சென்ஸ் கிரூன்ஃபோகல் என்ற பொறியாளர் வடிவமைத்த 20 லிட்டர் இரும்புக் கேன், அழுத்தி உருவாக்கிய இரண்டு அரைப்பாகங்களை ஒரே பற்றவைப்பில் இணைத்துச் செய்யப்பட்டது. பக்கங்களில் அழுத்தப்பட்ட பெருக்கல் குறி போன்ற பள்ளங்கள், வெயிலில் உள்ளே இருப்பது விரியும்போது தகடு புடைத்து இடம் கொடுக்கவும் உறுதி குலையாமல் நிற்கவும் உதவின. மேலே மூன்று கைப்பிடிகள். நடுப்பிடியால் ஒருவரும் ஓரப்பிடிகளால் இருவரும் தூக்கலாம், வெறுங்கேன்களை ஒரு கைக்கு இரண்டாகவும் எடுத்துச் செல்லலாம். நெம்புகோல் மூடிக்குத் திருகும் கருவி வேண்டியதில்லை. உச்சியில் நிற்கும் காற்றறையால் நிரம்பிய பெட்ரோல் கேன் நீரில் மிதக்கும். தண்ணீருக்கான கேன்களின் மீது வெள்ளை நிறத்தில் பெரிய சிலுவைக் குறி இட்டனர். இரவில் தடவியெடுக்கும் நேரத்திலும் பெட்ரோலும் நீரும் மாறிவிடக் கூடாது என்பதற்கு இவ்வளவு எளிய வழி பிரிட்டிஷ் படைக்குத் தோன்றாமல் போனது வியப்பே. கைப்பற்றிய கேன்களை பிரிட்டிஷ் வீரர்கள் பொன்போலப் போற்றி, ஜெர்மானியரைக் குறிக்கும் கொச்சைப் பெயரால் ஜெர்ரிகேன் என்று அழைத்தனர். அதன் நகல்களை பிரிட்டனும் அமெரிக்காவும் பெருமளவில் செய்தன. அமெரிக்க வடிவத்தில் தண்ணீர்க் கேனுக்கு மட்டும் அகன்ற வாயும் வேறு மூடியும் அமைந்தன.

கேன்களுக்கான தாங்குசட்டம் பொருத்தப்பட்ட வண்டியே நீர் வசதியுள்ள வண்டி என்ற கருத்து இதற்குப்பின் நெடுங்காலம் நிலைத்தது. இதோடு கேன்வாஸ் நீர்ப்பையையும் சேர்க்க வேண்டும். இந்தியப் படையில் சாகல் எனப்பட்ட அது, நெருக்கமாக நெய்த துணியின் இழைகள் ஊறி மெல்லக் கசிவதால், நம் மண்பானை போலவே ஆவியாதலால் குளிர்ந்த நீர் தரும். ஓடும் வண்டியின் முன்புறத்தில் தொங்கவிட்டால் காற்று அப்பணியை விரைவுபடுத்தும். ஆயினும் குளிர்ச்சிக்காக அது செலவிடும் நீர் மீண்டும் வருவதில்லை என்பதால், நெடும்பயணக் குழுக்கள் அதை அன்றாடப் பங்குக்கு மேல் நம்பியதில்லை.

பம்பும் வடிகட்டியும் தொட்டியும் ஒரே வண்டியில் கூடிய முழுமையான ஏற்பாடு, பெரும்படைகளின் பின்னணியில் வளர்ந்தது. பெட்ஃபோர்டு போன்ற நிறுவனங்களின் சிறு லாரிகளில் 200 காலன் தொட்டியும், குளம் குட்டையிலிருந்து நீரை உறிஞ்சி வடிகட்டும் கருவிகளும் பொருத்தப்பட்டன. 15 ஹண்ட்ரட்வெயிட், அதாவது முக்கால் டன், வகை என்று பெயர் பெற்ற வண்டியில் ஏறிய நீரின் எடை மட்டுமே 900 கிலோவைத் தாண்டியது என்பதிலிருந்து, வண்டியின் பெயரளவுச் சுமையைத் தண்ணீர் எப்படி மீறியது என்பது தெரியும். உறிஞ்சிய நீரில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் இடுவது என்று கண்டறிய, சர் வில்லியம் ஹோராக்ஸ் முதல் உலகப்போர்க் காலத்தில் வகுத்த சோதனைப் பெட்டி பயன்பட்டது: ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் நீரை எடுத்து, மருந்துக் கரைசலைப் படிப்படியாக மிகுத்து விட்டு, அரை மணி கழித்து மாப்பொருள் கலந்த காட்டியால் எந்தக் கிண்ணத்தில் நீலம் முதலில் தெளிவாகத் தோன்றுகிறது என்று பார்ப்பது அம்முறை. இந்திய மருத்துவ மாணவர்கள் கிணற்று நீருக்கான பாடமாக இன்றும் கற்கும் இச்சோதனையில், மருந்தின் அளவு 455 லிட்டருக்கு இவ்வளவு என்று வருவது வழக்கம். 455 லிட்டர் என்பது 100 காலன், நீரைக் காலன்களில் அளந்த படைமுறையின் எச்சம். ஹோராக்ஸின் மகன் பிரையன் ஹோராக்ஸ் 1942இல் ஆலம் ஹல்ஃபா சமரில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியபோது, அவருடைய வீரர்கள் குடித்த நீர் தந்தையின் முறைப்படி தூய்மையாக்கப்பட்டது என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை.

தமிழர் தொடர்பும் இவ்விடத்தில்தான் வருகிறது. 1940 டிசம்பரில் சிடி பரானியில் போரிட்ட நான்காவது இந்திய டிவிஷனில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் 12ஆவது களக்கம்பெனி இருந்தது. தம்பிகள் என்று படைவட்டாரத்தில் அழைக்கப்பட்ட அப்பொறியாளர்களுள் தமிழர் பலர். பாலம், கண்ணிவெடி ஆகியவற்றோடு கிணறு தோண்டுவதும் நீர் வழங்குமிடம் அமைப்பதும் களப்பொறியாளர் பணியே. கடற்கரையோரம் ரோமானியர் காலத்து நிலத்தடித் தொட்டிகளைப் படைகள் மீண்டும் பயன்படுத்தியதும், அலெக்சாண்ட்ரியாவிலிருந்து மேற்கே குழாய்வழி நீட்டப்பட்டதும் நீர்வண்டிகளின் ஓட்டத்தை எளிதாக்கின.

குறைந்த நீரில் உடலைப் பழக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அன்று படைகளில் பரவலாக இருந்தது. அமெரிக்க உடலியலாளர் எட்வர்ட் அடால்ஃபின் குழு 1942 முதல் கலிஃபோர்னியப் பாலையில் நடத்திய ஆய்வுகள், 1947இல் நூலாக வெளிவந்தவை, இந்நம்பிக்கையைத் தகர்த்தன. வியர்வை குறைவதில்லை, குடிக்காமல் மிச்சம் பிடித்த நீர் உடலைக் காப்பதில்லை, தாகம் எப்போதும் தேவைக்குப் பின்தங்கியே வருகிறது, நிழல்வெப்பம் 49 டிகிரியை எட்டும் நாள்களில் நீரே இல்லாதவர் அசையாமல் கிடந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் தாங்குவது அரிது. பங்கைக் குறைப்பதைவிட வண்டியில் ஏற்றும் அளவைக் கூட்டுவதே வழி என்பது இதன் நேர்ப்பொருள்; வண்டியின் நீர்க்கொள்ளளவு பொறியாளரின் விருப்பமாக இருந்த நிலை மாறி உடலியலின் கணக்காகியது இவ்வாறே.

போருக்குப்பின் வந்த மாற்றங்களுள் மிகப் பெரியது எஞ்சின் மனிதனின் தண்ணீரைக் கேட்பதை நிறுத்தியது. ரேடியேட்டருக்கு அழுத்த மூடி பரவலானது. ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்வதால் கொதிப்பே அரிதாயிற்று. பிறகு, பெருகி வழியும் நீரை ஒரு சிறு கலத்தில் ஏற்று, ஆறியதும் வெற்றிடத்தால் திரும்ப உறிஞ்சும் அமைப்பு சாலை வண்டிகளிலும் இடம்பெற்றது. இது பக்கப்படியில் கட்டிய தகர டின்னின் நேர்வாரிசு என்று சொல்ல ஆவணம் வேண்டும். இயங்கும் கொள்கை மட்டும் அதுவேதான். எஞ்சினில் கிளைகால் கலந்த குளிர்விப்பான் ஊற்றப்பட்டபோது இரு நீர்களும் முழுமையாகப் பிரிந்தன. கிளைகால் நஞ்சு, முன்னாளில் கடைசி நேரத்தில் ரேடியேட்டரைத் திறந்து குடிக்கலாம் என்றிருந்த கொடிய காப்பும் அதோடு மறைந்தது.

இப்பிரிவுக்குப் பின்னரே மனிதனுக்கெனத் தனித்தொட்டி வண்டியின் உடலுக்குள் சென்றது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தடங்கள் இதற்குத் தூண்டுதலாயின. 1908-10இல் ஆல்ஃபிரட் கேனிங் 51 கிணறுகளோடு அமைத்த 1,850 கிலோமீட்டர் கால்நடைத்தடத்தை 1968இல் முதன்முறையாக வண்டிகள் முழுமையாகக் கடந்தபோது, கிணறுகள் பல தூர்ந்திருந்தன. வார்த்த பாலிஎத்திலீன் தொட்டிகளும், 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கி, குழாய் திறந்தவுடன் தானே ஓடும் சிறு உதரவிதானப் பம்புகளும் மலிவாகக் கிடைத்தபின், சட்டத்தின் இடையிலோ பின் இருக்கையின் அடியிலோ 40 முதல் 80 லிட்டர் தொட்டியைப் பொருத்துவது பட்டறை வேலையாயிற்று. கேன்களைக் கூரையில் அடுக்கினால் வண்டியின் எடைமையம் உயர்ந்து சரிவில் கவிழும் ஆபத்து மிகும் என்பது இதற்கு வலுவான காரணம். தொட்டிக்குள் நீர் அலைமோதி வண்டியைத் தள்ளாடச் செய்யாதிருக்கத் தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன. எஞ்சினின் சூடான குளிர்விப்பானும் தொட்டி நீரும் ஒன்றோடொன்று கலவாமல் அடுத்தடுத்த தகடுகளுக்கிடையே ஓடும் வெப்பமாற்றியைப் பொருத்தி, பாலையின் நடுவே வெந்நீரில் குளிப்பவர்களும் உள்ளனர். பங்கு கேட்டு நின்ற எஞ்சின் நீர் சூடாக்கித் தரும் நிலைக்கு வந்திருப்பதை நெடுந்தொலைவுப் படைக்குழுவினர் நம்பியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் உள்தொட்டியை மட்டும் நம்பிச் செல்வதை அனுபவமுள்ளோர் ஏற்பதில்லை. வண்டியின் அடிப்புறத்தில் ஒரு கல் மோதினாலோ, குழாயின் இறுக்குவளையம் ஒன்று அதிர்ச்சியில் தளர்ந்தாலோ, பம்ப் தானே ஓடி ஓர் இரவுக்குள் தொட்டியைக் காலிசெய்துவிடக்கூடும். அதை அறிவிக்கும் கருவி பெரும்பாலான வண்டிகளில் இல்லை. ஆகவே தொட்டிநீரைச் சமையலுக்கும் கழுவலுக்கும் வைத்துக்கொண்டு, உயிர்காக்கும் அளவு குடிநீரைத் தனித்தனிக் கேன்களில், இயன்றால் வெவ்வேறு வண்டிகளில், பிரித்து ஏற்றுகின்றனர். பம்புக்குத் தனியொரு நிறுத்துவிசை வைத்து, பயன்படுத்தாத நேரத்தில் மின்னிணைப்பைத் துண்டித்து வைப்பதும் அதனோடு சேர்ந்த வழக்கம்.